பல்கலைக்கழகக் காட்டில் மூன்று நாள் வாட்ச்மேன்

ஆம்பூரில் வெளிநாடு போய்வராத ஆள் கம்மி. நாங்கள் தைக்கிற ஷூ இத்தாலிக்குப் போகிறது, ஜெர்மனிக்குப் போகிறது. அதன் பின்னாலேயே முதலாளி போகிறார், முதலாளியின் மகன் போகிறார், சில சமயம் மேனேஜரும் போகிறார். திரும்பி வந்து, அங்கே ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது, சாப்பாடுதான் வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்வார்கள். ஐம்பது வயது வரை அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. நான் போனது ஆலங்காயம் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம் வைத்திருக்கும் காட்டுக்கு. பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. சாப்பாட்டைப் பற்றி முதலாளிகள் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

பல்கலைக்கழகத்துக்குக் காடு எதற்கு என்று நானும் கேட்டேன். அங்கே ஜீப் ஓட்டும் என் மச்சான்தான் பதில் சொன்னான்.

"பசங்க படிக்கிறதுக்கு மாமா."

"எதை?"

"மரத்தைத்தான். தோட்டம், காடு, குட்டை எல்லாம் அவங்களே வெச்சிருக்காங்க. அதுக்கு வாட்ச்மேன் வேணுமாம். மூணு நாள் வெச்சிப் பாப்பாங்க, புடிச்சா எடுத்துக்குவாங்க."

நான் டேனரியில் பச்சைத் தோல் குடோன்காரன். உப்புப் போட்டு வரும் ஆட்டுத் தோலைப் பிரித்து, விரலால் கிள்ளி, ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், ரிஜெக்ட் என்று தரம் பிரிப்பது வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அதைத்தான் செய்கிறேன். உப்பும் தோல் பதனிடுகிற குரோமும் சேர்ந்து என் கையை ரிஜெக்ட் ஆக்கிவிட்டன. தோல் வெடித்து ரத்தம் வர ஆரம்பித்ததும் வேலூரில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலையை விடுறீங்களா, கையை விடுறீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி செல்வி, "வேலையைத்தான் சார்" என்று சொல்லிவிட்டாள். இந்தக் காட்டு வேலை கிடைக்காவிட்டால் மறுபடி குடோனுக்குத்தான் போகவேண்டும். எனக்கு வேறு எதுவும் தெரியாது. படிப்பும் ஐந்தாவதோடு சரி.

கிளம்பும்போது செல்வி பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துச் சொன்னாள்: "வாட்ச்மேன்னா கத்தணும். உன்னை மாதிரி மென்னு முழுங்கினா காக்கா கூட நகராது."

அது உண்மை. நான் வீட்டில் கத்தியதில்லை. கத்துவதற்கு வீட்டில் வேறு ஆள் இருக்கிறது.

வாணியம்பாடி தாண்டியதும் பஸ் பஞ்சர். எல்லாரையும் இறக்கிப் புளியமரத்து நிழலில் நிற்கவைத்தார்கள். ஜாக்கி இன்னொரு பஸ்ஸில் போய்விட்டதாகக் கண்டக்டர் சொன்னார். ஏதோ சொந்தக்காரன் போனதுபோல வருத்தமாகச் சொன்னார். வெயில் ஏற ஏற என் மடியிலிருந்த பொட்டலம் மணக்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் மகளிடம் தெலுங்கில் பேசினாள். எனக்கு அந்த அளவுக்குத் தெலுங்கு தெரியும். "இந்த ஆளு அதைத் தின்னவும் மாட்டேங்குறான், மூடவும் மாட்டேங்குறான், மூக்குக்கு நேரா வெச்சிக்கிட்டு நம்மைச் சோதிக்கிறான்" என்றாள். தெலுங்கு தெரியாதவன் போல இருந்திருக்கலாம். எனக்கு வெட்கமாகிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். அந்த அம்மாள், மகள், கண்டக்டர், ஜாக்கி வாங்கிவர நடந்துபோய் வெறுங்கையோடு திரும்பியவர் எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காய் மிச்சமிருந்தது. நல்ல கத்தரிக்காய்.

காட்டுக்கு ஒரு பெரிய கேட். உள்ளே என்னை வாங்கிக்கொண்டவர் சூப்பர்வைசர் பரந்தாமன். குடியாத்தத்துக்காரர், லுங்கி நெய்கிற குடும்பம். என் லுங்கியைப் பார்த்ததும் பெயர் கேட்பதற்கு முன்னால் அதன் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "பவர்லூம்" என்றார் வருத்தமாக. பிறகுதான் நான் யார் என்று கேட்டார்.

"முனிரத்தினம் சார்."

"இன்னா?"

"முனிரத்தினம்."

"கேட்ல நின்னு கத்தறதுக்கு வந்த ஆளாய்யா நீ?"

யூனிஃபார்ம் சட்டை வேலை உறுதியான பிறகுதான் என்றார். அதனால் மூன்று நாளும் நான் கட்டம் போட்ட லுங்கி, தலையில் கைக்குட்டை, ஒரு வாரத் தாடியோடுதான் திரிந்தேன். இது பின்னால் பெரிய பேஜாராகும் என்று அப்போது தெரியாது.

பரந்தாமன் இடத்தைச் சுற்றிக் காட்டினார். முதலில் தோட்டம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தகடு. அதில் இங்கிலீஷில் ஒரு பெயர், அதற்குக் கீழே இங்கிலீஷ்காரனுக்கே புரியாத ஒரு பெயர். வேப்பமரத்தைப் பார்த்து இது இன்னா மரம் என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அவ்வளவு நீளப் பெயர் போட்டிருந்தால் வேறு ஏதோ என்றுதானே தோன்றும்.

அடுத்து நட்சத்திர வனம். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு மரம் நட்டிருக்கிறார்கள். விருந்தாளிகள் வந்தால் அவரவர் மரத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். என் நட்சத்திரம் அசுவினி என்றேன். பரந்தாமன் எட்டி மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பழத்தைத் தொட்டுட்டு வாயில வெச்சிக்காத. விஷம்."

செல்வியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் சந்தோஷப்படுவாள்.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய நிலம். அங்கே யாரும் எதையும் செய்யக்கூடாது என்பதுதான் வேலை. மரம் விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கவேண்டும். இலை உதிர்ந்தால் உதிர்ந்த இடத்தில் மக்கவேண்டும். ஒரு பையன் வலை கட்டி, விழுகிற இலையை எடைபோட்டுப் படிக்கிறானாம். முன்பு இருந்த ஒரு வாட்ச்மேன் ஒருநாள் நல்ல பெயர் வாங்க நினைத்து எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி, குவித்துக் கொளுத்திவிட்டார். பையன் அங்கேயே உட்கார்ந்து அழுதானாம். எங்கள் டேனரியில் ஒன்றும் செய்யாமல் இருப்பவனை அனுப்பிவிடுவார்கள். இங்கே செய்தவனை அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் மேடம் வந்தார். இந்தத் தோட்டம், காடு எல்லாவற்றுக்கும் பொறுப்பான பேராசிரியர். தலையில் தொப்பி, காலில் நல்ல தோல் ஷூ. ஷூவைப் பார்த்துதான் எனக்குத் தைரியம் வந்தது. அது மாட்டுத்தோல், ஒன்றாம் நம்பர்.

"முனிரத்தினம், இங்க உங்களுக்கு ஒரே வேலைதான். ஆடு."

குட்டைக்கு மேல் பக்கம், சரிவு முழுக்கச் சின்னச் செடிகள். மலையில் அழிந்துகொண்டு வரும் மரங்களின் கன்றுகள். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டால் தானாக நிற்கும், அதற்குள் ஆடு தின்றுவிடுகிறது என்றார். சுற்றிலும் முள்கம்பி இருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஊர்.

"வாட்ச்மேன் சண்டை போட்டா, ராத்திரி கம்பியை அறுத்துடறாங்க. சண்டை போடாட்டி ஆடு உள்ள வந்துடுது. இதுவரைக்கும் நாலு பேர் வந்து போய்ட்டாங்க."

"நான் சண்டை போடமாட்டேன் மேடம்."

"அதான் பாத்தாலே தெரியுதே" என்றார். பாராட்டா திட்டா என்று விளங்கவில்லை.

ராத்திரி சாப்பாடு ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து வந்தது. கோதுமை உப்புமா. அதன் மேல் தோட்டத்து மூலிகையில் ஒரு துவையல். உடம்புக்கு ரொம்ப நல்லது என்றார் பரந்தாமன். அவர் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து மீன் குழம்பு சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் கையில் ஒரு கம்போடு கம்பி ஓரமாக நடந்தேன். டேனரியில் நாற்றம் எப்போதும் நம்மோடு இருக்கும், துணைக்கு ஆள் இருப்பதுபோல. இங்கே ஒரு வாசனையும் இல்லை. தனியாக விட்டுவிட்டார்கள் என்று இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு கருப்பு வெள்ளாடு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கன்றின் நுனியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. தகட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தின்பது போலிருந்தது.

கத்தவேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். "ஏ" என்று வந்தது. ஆடு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது.

அதனால் பின்னால் போய் காலைப் பிடித்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. என் வாழ்நாளில் எத்தனை ஆட்டுத் தோலைத் தொட்டேன் என்று கணக்கே இல்லை. ஆனால் உள்ளே ஆடு இருக்கிற தோலை நான் தொட்டதில்லை. கை தானாக முதுகுக்குப் போய்விட்டது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்கினேன். முடியை ஒதுக்கிப் பார்த்தேன். அம்மைத் தழும்பு இல்லை. உண்ணி கடித்த தடம் கம்மி. இடுப்புப் பக்கம் திருப்பினேன். முள்கம்பிக் கீறல் ஒன்று.

"ரெண்டாம் நம்பர்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கத்த வராத வாய்க்கு அது மட்டும் தெளிவாக வந்தது.

"எதுய்யா ரெண்டாம் நம்பர்?"

கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள். என் வயது இருக்கும். கையில் கொக்கி கட்டிய நீளக் கம்பு, இடுப்பில் தூக்குவாளி. பெயர் பச்சையம்மா என்று பிறகு தெரிந்தது. அப்போது பக்ரீத்துக்கு இன்னும் சில வாரம் இருந்தது. பண்டிகை நெருங்கும்போது வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கமிருந்து வியாபாரிகள் மலையடிவாரத்து ஊர்களுக்கு வந்து ஆடு பிடித்துப் பார்ப்பது வழக்கம். என் லுங்கியையும் கைக்குட்டையையும் தாடியையும் பார்த்து பச்சையம்மா முடிவுக்கு வந்துவிட்டாள்.

"இன்னா பாய், இந்த வருஷம் சீக்கிரமா வந்துட்ட?"

"இல்லம்மா, நான் வந்து…"

"பல்லைப் பாக்காம தோலைப் பாக்குற வியாபாரிய இப்பத்தான் பாக்குறேன். ரெண்டு பல்லு போட்டாச்சு, வயசு சரியா இருக்குது. தொறந்து பாரு."

"நான் அதுக்கு வரலம்மா."

"ரெண்டாம் நம்பர்னு சொல்லி வெலைய கம்மி பண்ணப் பாக்குறியா? என் ஆட்டப் பாத்து ரெண்டுன்னு சொன்னவன் எவனும் இல்ல. நாளைக்குக் காலையில பத்து வீட்டு ஆட்டையும் ஓட்டிக்கினு வர்றேன். அப்புறம் சொல்லு, எது ஒண்ணு, எது ரெண்டுன்னு."

நான் வாட்ச்மேன் என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் ஆட்டை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். என் குரல் கம்பி வரைக்கும்தான் போயிருக்கும். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு பெண்பிள்ளை பின்னால் ஓடுவதா என்று நின்றுவிட்டேன். அன்று முழுக்க வேறு ஒரு ஆடும் உள்ளே வரவில்லை. நான் நல்ல வாட்ச்மேன் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் வீட்டில் ஆட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ராத்திரி செல்வி போன் செய்தாள்.

"கத்தினியா?"

"தேவைப்படல."

"வேலை கெடைக்குமா?"

"ஆடே வரல" என்றேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கேட்டுக்கு வெளியே சத்தம். போய்ப் பார்த்தால் சந்தை. கருப்பு, வெள்ளை, செம்மறி, கிடா, குட்டி எல்லாம். ஒன்றிரண்டுக்கு மஞ்சள் பூசியிருந்தது. ஒரு கிழவர் தன் கிடாவுக்கு எண்ணெய் தடவிச் சீவிவிட்டிருந்தார். நடுவில் பச்சையம்மா கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"வரிசையா நில்லுங்க. பாய் தோலைத்தான் பாப்பாரு. எவனும் பல்லைத் தொறந்து காட்டாதீங்க."

பரந்தாமன் பைக்கை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யோவ் முனிரத்தினம், இன்னாய்யா பண்ண? ஆட்டத் தொரத்தச் சொன்னா ஊரையே வரவெச்சிருக்க? மேடம் வெளிநாட்டுக்காரரைக் கூட்டிக்கினு வர்றாங்கய்யா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஓட்டிவந்தது என் மச்சான். அவன் என்னைப் பார்த்துவிட்டு என்னைத் தெரியாதவன் போல ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தான். முன்னால் மேடம், பின்னால் ஒரு வெள்ளைக்கார ஐயா. அவர் ஊர்ப் பல்கலைக்கழகமும் பெரிய காடு வைத்திருக்கிறதாம். இறங்கினதும் அவர் ஆடுகளைப் போட்டோ எடுக்க ஆரம்பித்தார். கிழவர் தன் கிடாவின் தாடையை நிமிர்த்திப் பிடித்தார். வெள்ளைக்காரர் மேடத்திடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பரந்தாமன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அவங்க காட்டுல மான்தான் செடியெல்லாம் திங்குதாம். மான் அழகா இருக்கிறதால திட்ட முடியலையாம். ஆட்டையாவது திட்டலாம், உங்களுக்குப் பரவால்லன்றாரு."

மேடம் சிரிக்கவில்லை.

"யார் இவங்கள வரச் சொன்னது?"

பச்சையம்மா கம்பால் என்னைக் காட்டினாள். "இந்த பாய்தான்."

"எந்த பாய்? அவர் எங்க வாட்ச்மேன்."

ஊரே என்னைப் பார்த்தது. ஆடுகளும் பார்த்தன. கல்யாணத்தில் மாலை மாற்றும்போது கூட இத்தனை பேர் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் பந்திக்குப் போய்விட்டிருந்தார்கள்.

"சொல்லுங்க முனிரத்தினம்" என்றார் மேடம்.

சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. சத்தமா சொல்லுய்யா என்று கிழவர் சொன்னார். மறுபடி சொன்னேன். நான் வியாபாரி இல்லை, பாயும் இல்லை, ஆம்பூர் டேனரியில் தோல் பிரிக்கிறவன். செத்த ஆட்டைத் தவிர வேறு ஆட்டைத் தொட்டதில்லை. உயிரோடு இருக்கிற ஆட்டைப் பிடித்ததும் கை பழக்கத்தில் முதுகைக் கிள்ளிப் பார்த்துவிட்டது. நேற்றே சொல்ல நினைத்தேன், அந்த அம்மா போய்விட்டார்கள்.

முதலில் கிழவர்தான் சிரித்தார். "உயிரோட நிக்கிற ஆட்டுக்குத் தோலு நம்பரு போட்டிருக்கான்டா" என்றார். ஊர் சிரித்தது. பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"குளிப்பாட்டி, மஞ்சத் தடவி, ஊரையே எழுப்பிக் கூட்டிக்கினு வந்தேன்யா."

"தப்புதான்மா" என்றேன்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னார். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "முனிரத்தினம், நீங்க சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிடுங்க. உங்க மச்சான் கொண்டுவிடுவாரு."

நான் தலையாட்டினேன். என் கையைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு நாளில் வெடிப்பு கொஞ்சம் ஆறியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இன்னாத்துக்கு அனுப்புற?"

பச்சையம்மாதான். மேடம் திரும்பினார்.

"போன ஆளு கல்லால அடிச்சி என் கிடாவுக்குக் கண்ணு போச்சி. அதுக்கு முன்ன இருந்தவன் ஆட்டக் கட்டிப்போட்டுட்டு எங்களைக் கெஞ்சவெச்சான். இந்த ஆளு காலைப் புடிச்சாரு, ஆடு ஒரு சத்தம் போடல. இவரே இருக்கட்டும். வேற ஆளப் போட்டா நாங்க ஒத்துக்க மாட்டோம்."

"ஒத்துக்காம இருக்க நீ யாரு?" என்றார் பரந்தாமன்.

"கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரு."

பச்சையம்மா எனக்காகப் பேசினாள் என்று நான் பூரித்துப்போய்விடவில்லை. காக்காயைக் கூட விரட்டத் தெரியாத வாட்ச்மேன் கிடைத்தால் எந்த ஊர் விடும்? மேடத்துக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார்.

"சரி. இவர் இருக்கட்டும். ஆனா ஒரு ஆடு கம்பியைத் தாண்டினாலும் அன்னைக்கே இவரை அனுப்பிடுவேன். அடுத்து வர்ற ஆளு எப்படி இருப்பான்னு என்னால சொல்ல முடியாது. சம்மதமா?"

"அது எப்படிம்மா, ஆடு சொன்னா கேக்குமா?"

"நீங்க சொன்னா ஊரே கேக்குதே. இப்பத்தான் பாத்தேன்."

பச்சையம்மா ஆடுகளைப் பார்த்தாள், சரிவிலிருந்த கன்றுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன்.

"பொல்லாத பொம்பளைம்மா நீ" என்றாள்.

"சம்மதமா?"

"சரி, இருந்துட்டுப் போகட்டும்."

சாயங்காலம் யூனிஃபார்ம் சட்டை கொடுத்தார்கள். இரண்டு சைஸ் பெரிது. பரந்தாமன் அதன் துணியையும் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். செல்விக்குப் போன் செய்தேன்.

"வேலை கெடைச்சிடுச்சி."

"மேடம் குடுத்தாங்களா?"

"ஆட்டுக்காரங்க குடுத்தாங்க."

"குடிச்சியா?" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கம்பி ஓரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை ஆடு வந்தது. முன்கால் இரண்டையும் கம்பிமேல் வைத்து எட்டி, அருகிலிருந்த கன்றுக்குக் கழுத்தை நீட்டியது. நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் கம்பிக்கு வெளியே ஓடைப் பக்கமிருந்து பச்சையம்மாவின் குரல் மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"ஏய் மூதேவி, எறங்கு கீழ. உன்னால அந்த மனுஷன் பொழப்பு போய்டப் போவுது."

ஆடு இறங்கிவிட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன்.